எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. தீபாவளியிலிருந்தே முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் இளைக்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலிலும் முதுகெலும்பிலும் கட்டிகள். மதுரையில் பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய்தான், ஆனால் எந்த உறுப்பில் தொடங்கியது என்று தெரியவில்லை என்கிறார்கள். சிடி, பெட் ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா, சிகே7 பாசிட்டிவ், சிகே20 நெகட்டிவ்' என்று போட்டிருக்கிறது. இடமே தெரியாமல் அடுத்த வாரம் கீமோ தொடங்கலாம் என்கிறார் டாக்டர். துபாயில் இருக்கும் அண்ணனோ, "மூலம் தெரியாம எப்படி மருந்து குடுப்பாங்க? சென்னைக்குக் கூட்டிட்டுப் போ, ஜீன் டெஸ்ட் எடு" என்று தினமும் வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்புகிறான். அப்பாவிடம் கல்லீரலில் புண் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். "எதனாலம்மா வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாங்கள் தப்பான ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோமா?

- பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தப்பான ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. டாக்டர் எதையும் மறைக்கவும் இல்லை. 'முதன்மை இடம் அறியப்படாத புற்றுநோய்' என்று மருத்துவத்தில் தனியாகவே ஒரு வகை இருக்கிறது. புற்றுநோய் என்று தெரியவரும் நூறு பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இப்படித்தான் ஆகிறது. நோய் தொடங்கிய இடத்தில் கட்டி எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவுக்குச் சின்னதாகவே நின்றுவிடும். சிலருக்கு அது தானாகவே அழிந்தும் போயிருக்கலாம் என்கிறார்கள். அங்கிருந்து கிளம்பிப் போன செல்கள்தான் கல்லீரலிலோ எலும்பிலோ பெரிதாக வளர்ந்து கண்ணில் படுகின்றன. இறந்த பிறகு உடற்கூறு ஆய்வு செய்து தேடியும் சிலரிடம் தொடக்க இடம் அகப்படுவதில்லை. ஆகவே டாக்டர் 'தெரியவில்லை' என்று சொன்னால், தேட வேண்டிய இடத்திலெல்லாம் தேடிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மூலம் தெரியாமல் எப்படி மருந்து? அதற்குத்தான் நீங்கள் 'ஏதேதோ' என்று நினைத்திருக்கக்கூடிய அந்த சிகே7, சிகே20 எல்லாம். அடினோகார்சினோமா என்றால் சுரப்பிச் செல்களில் தொடங்கிய புற்றுநோய்; சிகே7, சிகே20 என்பவை செல்களில் இருக்கும் புரதங்கள். பயாப்ஸியில் எடுத்த சதைத் துணுக்குக்குச் சில சாயங்கள் ஏற்றி, எந்த உறுப்பின் சாயல் அதில் தெரிகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் சாயல், பெருங்குடலைவிட நுரையீரல், கணையம், பித்தநாளம் போன்ற பக்கம் கை காட்டுவது. உறுதியாக ஒரே உறுப்பைச் சொல்லாது, ஆனால் வட்டத்தைச் சுருக்கிக் கொடுக்கும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் பல புற்றுநோய்களுக்கும் சேர்த்து வேலை செய்யக்கூடிய இரண்டு மருந்துகளை இணைத்துத் தருவார்கள். கார்போபிளாட்டினோடு பாக்ளிடாக்செல், அல்லது சிஸ்பிளாட்டினோடு ஜெம்சிடாபின் என்று ஏதாவது எழுதியிருப்பார்கள், சீட்டைப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் ஸ்கேன் எடுத்து, கட்டி சுருங்கியிருக்கிறதா என்று பார்த்து மேற்கொண்டு முடிவு செய்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரிந்துவைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது. கல்லீரல் வரைக்கும் பரவிவிட்ட இந்த வகையில் கீமோ நோயை அடக்கிவைக்கத்தான், வேரோடு எடுக்க அல்ல. பலருக்கு மீதமுள்ள காலத்தை மாதக்கணக்கில்தான் சொல்ல முடிகிறது. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுகிறவர்களும் உண்டு. உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்பது முதல் சில சுற்றுகளில்தான் தெரியும். அதனால்தான் இன்னும் ஒரு மாதம் தேடிவிட்டு ஆரம்பிக்கலாம் என்பதற்கு நான் ஆதரவாக இல்லை. வாயில் குழாய் விட்டு ஒரு சோதனை, ஆசனவாய் வழியே இன்னொன்று, மறுபடி ஒரு ஸ்கேன் என்று போனால், மருந்தைத் தாங்கத் தேவையான தெம்பு அதிலேயே கரைந்துவிடும். அறிகுறியோ பயாப்ஸி முடிவோ அந்தப் பக்கம் காட்டினால் எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்பதற்காக எடுக்க வேண்டாம்.

கீமோவுக்கு முன்பு டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். அப்பாவுக்குப் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பார்த்தாயிற்றா? எலும்பில் கட்டியோடு வரும் ஆணுக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்வது வழக்கம். உங்கள் ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தால் வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் சாதாரண ரத்தப் பரிசோதனை, அதுவாக இருந்துவிட்டால் சிகிச்சையே வேறு. அடுத்தது, பல துறை டாக்டர்கள் கூடி முடிவெடுக்கும் ட்யூமர் போர்டில் இந்தக் கேஸை வைத்தார்களா? கடைசியாக, கட்டியின் ஜீன் பரிசோதனையின் முடிவு வந்தால் அப்பாவின் சிகிச்சை மாறுமா? சிலருக்கு அதில் குறிப்பிட்ட மருந்துக்கோ, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபிக்கோ வழி கிடைப்பது உண்மை. செலவு பெரிது, முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். 'மாறலாம்' என்று டாக்டர் சொன்னால் ஒருபக்கம் அனுப்பிவைத்துவிட்டு மறுபக்கம் கீமோவைத் தொடங்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் இன்னொரு கருத்து கேட்க அண்ணன் விரும்பினால் தாராளமாகக் கேட்கலாம். ஒரே ஒரு இடம். அதற்கு அப்பாவை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போக வேண்டாம், ஃபைலும் பயாப்ஸியும் போனால் போதும். பயாப்ஸி செய்த லேபில் அந்தச் சதைத் துணுக்கை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள். 'பிளாக்' என்பார்கள். கண்ணாடித் தகட்டில் இருப்பது ஸ்லைடு. எழுதிக் கேட்டால் இரண்டையும் கொடுப்பார்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மாதிரியான இடங்களில் வெறும் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு முடிவு சொல்வதில்லை, பிளாக்கை வாங்கித் தாங்களே பார்ப்பார்கள். ஸ்லைடு கண்ணாடி என்பதால் அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், மெழுகு உருகும். அது தொலைந்தால் ஊசி போட்டு மறுபடி சதை எடுக்க வேண்டிவரும்.

இனி அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தைத்தது இதுதான்.

வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் மனிதர்களின் முகம் பார்த்தே வேலை செய்தவர் அவர். யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. அப்படிப்பட்டவரை 'புற்றுநோய்ப் பிரிவு' என்று போர்டு மாட்டிய வராண்டாவில் மணிக்கணக்காக உட்காரவைத்துவிட்டு, கல்லீரலில் புண் என்று சொன்னால் நம்புவார் என்றா நினைக்கிறீர்கள்? பக்கத்தில் முடி கொட்டிய தலையோடு உட்கார்ந்திருக்கிறவரிடம் அவர் ஏற்கெனவே பேசியிருப்பார். 'எதனாலம்மா வந்துச்சு' என்று கேட்கிறாரே, அது காரணம் கேட்பது மட்டுமாக எனக்குப் படவில்லை. இவள் என்னிடம் பேசுவாளா என்று பார்க்கிறார்.

போட்டு உடைக்கச் சொல்லவில்லை. வீட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்க என்னன்னு நினைக்கிறீங்கப்பா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பாதிப் பேர் அந்த இடத்தில் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். "கேன்சரா?" என்று கேட்டால், "ஆமாப்பா" என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். எங்கிருந்து வந்தது என்றால் அவர் பாஷையிலேயே சொல்லலாம்: "ஆள் வண்டிக்குள்ள இருக்கான்ப்பா, எந்த ஸ்டாப்புல ஏறினான்னுதான் டாக்டருக்குத் தெரியல. அது தெரியாட்டியும் அவனை அடக்கி உட்கார வைக்க மருந்து இருக்கு, அடுத்த வாரம் ஆரம்பிக்கிறாங்க." நீங்கள் செய்த எதனாலும் வரவில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். குடிக்காத, புகைக்காத மனிதர்கள்தான் எந்தப் பாவத்தின் பலன் என்று மனசுக்குள் அதிகம் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டால், நீங்கள் எண்ணிக்கை சொல்ல வேண்டாம். "டாக்டர்கிட்ட சேர்ந்தே கேட்போம்" என்று சொல்லுங்கள், அப்புறம் உண்மையாகவே சேர்ந்து போய்க் கேளுங்கள். சிலர், "எனக்கு எதுவும் சொல்லாத, நீயே பாத்துக்கோ" என்பார்கள். அப்படிச் சொன்னால் அவர் விருப்பப்படி விட்டுவிடுங்கள். ஆனால் அதை அவர் சொல்லட்டும். கையெழுத்து, பேங்க் கணக்கு, பென்ஷன் புத்தகம், யாரையாவது பார்க்க ஆசை என்று அவருக்கும் வேலைகள் இருக்கும். கல்லீரல் புண் என்று நம்பவைத்துக்கொண்டே இருந்தால் இதில் எதையும் அவர் செய்ய முடியாமல் போகும்.

வலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கட்டி முதுகெலும்பில் இருப்பதால். அந்த இடத்துக்கு ரேடியேஷன் கொடுத்தால் எலும்பு வலி நன்றாகக் குறையும். பலருக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தாலே போதுமானதாக இருக்கிறது. இதைக் கேட்டுப் பெறுங்கள். மாத்திரையாக மார்ஃபின் எழுதினால், பழகிவிடும், கடைசிக் கட்டத்து மருந்து என்று யாராவது பயமுறுத்துவார்கள். வலிக்கென்று டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே சேர்த்து வாங்கிவிடுங்கள். பழைய மெடிக்கல் மாத்திரைகளை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், கீமோ நேரத்தில் அது கிட்னியைக் கெடுக்கலாம்.

இதைத் தனியாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்: கால் திடீரென்று பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரியானாலும் சரி. கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், ஒரு நாள் தள்ளிப்போட்டால் காலுக்குப் பலம் திரும்பாமலே போகலாம். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள்.

வலி நிவாரணப் பிரிவு, அதாவது பாலியேடிவ் கேர், கீமோ நடக்கும்போதே சேர்ந்து பார்க்க வேண்டியது. மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு போகும் இடம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

சாப்பாட்டில் சண்டை வேண்டாம். சர்க்கரையை நிறுத்து, சிறுதானியம் மட்டும் கொடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இளைத்துப்போன மனிதருக்கு எது இறங்குகிறதோ அதுதான் உணவு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. நாட்டு மருந்து கொண்டுவந்து கொடுத்தால், டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடக் கூடாது. கல்லீரல் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கிறது.

செலவுக்கு, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். பென்ஷனால் அந்த வரம்பைத் தாண்டினாலும் அரசு மருத்துவமனையில் கீமோ இலவசம்தான். பரிசோதனைக்காகச் சென்னை போக நேர்ந்தால், புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணம் கிடையாது, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

அந்த மெடிக்கல் மாத்திரைகளை நினைத்து நீங்கள் உருகுவது தெரிகிறது. அறுபது தாண்டிய ஆளுக்கு முதுகு வலித்தால் ஊரில் எல்லா வீட்டிலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். வலி ஆரம்பிக்கும்போதே நோய் எலும்புக்கு வந்துவிட்டது. நீங்கள் தாமதித்ததால் பரவவில்லை.

அண்ணனிடம் வாட்ஸ்அப்பில் சண்டை போடாதீர்கள். தூரத்தில் இருக்கிறவருக்குத் தேடுவது ஒன்றுதான் செய்யக்கூடிய வேலை, அதனால் தேடுகிறார். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். சென்னையில் கருத்துக் கேட்பதற்கான ஃபைலை ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்துவது அவர் பொறுப்பு. டாக்டரைப் பார்க்கும்போது போனில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன மூன்று கேள்வியையும் அவரே கேட்கட்டும். லீவு பத்து நாள்தான் கிடைக்கும் என்றால் அதை எதற்கோ என்று எடுத்துவைக்க வேண்டாம், இப்போதே டிக்கெட் போடச் சொல்லுங்கள். முதல் கீமோ முடிந்து வரும் வாரத்தில் ராத்திரி கூட இருக்க ஆள் வேண்டும், அப்பா நடமாடிக்கொண்டிருக்கும்போதே மகன் பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் வேண்டும்.