எந்திரக் கையும் எடைத் தராசும்: ஆய்வகத் தன்னியக்கம் பற்றிய கேள்வி பதில்

மருந்துப் பகுப்பாய்வுக் கூடங்களில் திரவம் ஊற்றும் எந்திரங்களை நிறுவுவதும் பராமரிப்பதும் என் தொழிலாக இருந்தது. காரைக்குடி வட்டார அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்திரத்தின் விலையையும் விற்பவரின் பெயரையும் மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

காரைக்குடி, முதுநிலை வேதியியல் மாணவர்: எங்கள் துறைக்கு திரவத்தை உறிஞ்சி அளந்து ஊற்றும் ஒரு சிறிய பிப்பெட் எந்திரம் வந்திருக்கிறது, ஐயா. முதலில் எந்தச் சோதனையை அதில் செய்து பார்க்கலாம்?

தம்பி, முதலில் எந்தச் சோதனையையும் செய்யாதீர்கள். தண்ணீரை ஊற்றி எடை போடுங்கள். நான்கு தசமம் காட்டும் தராசில் சிறு குடுவையை வைத்து, ஒரு மில்லி லிட்டர் ஊற்றுமாறு எந்திரத்துக்குக் கட்டளையிட்டு, பத்து முறை எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் 30 டிகிரி செல்சியஸில் இருந்தால் தராசு 1.0000 காட்டாது. அந்த வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி மில்லி லிட்டருக்கு 0.9957 கிராம்தான், காற்றின் மிதப்பு விசையையும் கணக்கில் எடுத்தால் 0.9946 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். இந்த அரை சதவீதத்தை அறியாமல், எந்திரத்தின் அமைப்பைத் திருத்தித் திருத்தி 1.0000-க்குக் கொண்டுவந்து மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியாக இருந்ததைக் கெடுத்ததுதான் அவர்கள் செய்த வேலை.

தண்ணீர் சரியாக வந்த பின் அசிட்டோனை முயன்று பாருங்கள். பெரும்பாலான எந்திரங்களில் உந்துதண்டுக்கும் திரவத்துக்கும் இடையே ஒரு காற்றுத் தூண் இருக்கும். அசிட்டோன் உறிஞ்சப்பட்டதும் அதன் ஆவி அந்தக் காற்றில் நிறைந்து அழுத்தத்தைக் கூட்டும். கை அடுத்த இடத்துக்கு நகர்கையில் முனையில் ஒரு துளி திரண்டு, கனத்து, வழியில் உள்ள குழியில் விழும். மாதிரிகளைத் தனித்தனிக் குழிகளில் வைக்கும் 96 குழித் தட்டில் குழிகளின் மையங்களுக்கு இடையே 9 மில்லி மீட்டர்தான் இடைவெளி என்பதால், அந்தத் துளி அடுத்தவரின் மாதிரியில் கலந்துவிடும். எந்திரமோ வேலை செவ்வனே முடிந்தது என்று அறிவிக்கும். முனைக்குள் திரவத்தை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி, ஆவியை முன்கூட்டியே நிறைத்துவிட்டால் சொட்டுவது வெகுவாகக் குறையும். உந்துதண்டு நேரடியாகத் திரவத்தைத் தொடும் ஊசிக்குழல் வகை இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கிளிசராலுக்கு நோய் வேறு: மெதுவாக உறிஞ்ச வேண்டும், உறிஞ்சியபின் சற்றே காத்திருக்க வேண்டும், மெதுவாக விட வேண்டும். ஒவ்வொரு திரவத்துக்கும் தனித்தனியே எடை போட்டுத்தான் இந்த வேகங்களைக் கண்டறிய முடியும்.

புதுவயல், அரிசி ஆலைப் பொறுப்பாளர்: கொதிகலன் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்க, கரைசலைத் தானாகவே சொட்டி அளக்கும் டைட்ரேஷன் கருவி வாங்கலாமா?

நாளொன்றுக்கு இரண்டு மாதிரிகள்தான் என்றால் வேண்டாம். துளித்துளியாக அளந்து விடும் ஒரு பியூரெட்டும், கடினத்தன்மை தரும் கால்சியம், மெக்னீசியத்தைப் பிணைக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலும் நிதானமான ஓர் ஆளும் போதும்.

கோட்டையூர், ஒரு தாயார்: மகள் வேதியியல் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறாள். எல்லாவற்றையும் எந்திரமே செய்துவிடும் என்கிறார்களே, வேலை கிடைக்குமா?

சேர்த்துவிடுங்கள், அம்மா. ஒரே கரைசலை நாள் முழுவதும் ஊற்றிக்கொண்டிருக்கும் வேலை குறையும் என்பது உண்மை. ஊற்றியது தவறு என்று கண்டுபிடிக்கும் வேலை கூடும். அதற்கு வேதியியல் தெரிந்தவர்தான் வேண்டும். கூடவே பைத்தான் நிரல்மொழியையும் கற்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர், பாலிடெக்னிக் மாணவர்: ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் கொண்டு, கரைசலை 80 டிகிரியில் இரவு முழுவதும் வைத்திருக்கும் அமைப்பைச் செய்திருக்கிறேன். வெப்ப உணரி 80-ஐக் காட்டியதும் நிரல் ஹீட்டரை அணைத்துவிடும். இது போதுமா?

போதாது. ஹீட்டரை அணைக்கும் கடைசி அதிகாரம் நிரலிடம் இருக்கக்கூடாது என்பதை இந்தப் பகுதியைப் படிக்கும் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ரிலேயின் தொடுமுனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டால், நிரல் “அணை” என்று எத்தனை முறை சொன்னாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அசையும் பாகம் இல்லாத திண்மநிலை ரிலேவை வாங்கினால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். அது பழுதாகும்போது பெரும்பாலும் மின்னோட்டம் பாயும் நிலையிலேயே பழுதாகிறது. உணரி குடுவையிலிருந்து நழுவி வெளியே விழுந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அறை வெப்பத்தை 80 ஆக்கும் முயற்சியில் உங்கள் நிரல் ஹீட்டரை விடாமல் எரிக்கும். ஆகவே ஹீட்டரின் மின்வழியிலேயே, கணினிக்குத் தொடர்பில்லாத ஒரு வெப்ப ஃபியூஸையோ தனி உணரியுள்ள வெட்டுவிசையையோ தொடராக இணையுங்கள். கரைப்பான் எரியக்கூடியது என்றால் ரிலேயை ஆவி வெளியேற்றும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அசிட்டோனின் ஆவி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்குத் திரண்டுவிடும்.

ஆத்தங்குடி, டைல் பட்டறை நடத்துபவர்: நிறக் கலவையை எந்திரத்தால் அளந்து ஊற்ற முடியுமா?

பொடியும் சிமெண்டுக் குழம்பும் என் துறைக்கு வெளியே உள்ளவை. பெயிண்டுக் கடைகளில் நிறம் கலக்கும் கருவியைப் பராமரிப்பவர்களைக் கேளுங்கள்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்: அமெரிக்காவில் ஓர் எந்திர ஆய்வகம் 17 நாட்களில் 41 புதிய பொருள்களைச் செய்துவிட்டதாகப் படித்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1953-இல் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்ட மண்ணில், பிள்ளைகள் பியூரெட்டைப் பிடிக்கத் தெரியாமல் பட்டம் வாங்கப் போகிறார்களா?

ஐயா, நீங்கள் குறிப்பிடுவது லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஏ-லேப். 2023-இல் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. எந்திரங்கள் பொடிகளை அளந்து கலந்து, உலையில் சுட்டு, அணுக்களின் அடுக்கைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படம் எடுத்தன. அந்தப் படத்தைப் படித்து, என்ன உருவாயிற்று என்று தீர்ப்புச் சொன்னதும் மென்பொருளே. 58 இலக்குகளில் 41 கைகூடின என்றது கட்டுரை. பிரின்ஸ்டனைச் சேர்ந்த லெஸ்லி ஷூப், லண்டனைச் சேர்ந்த ராபர்ட் பால்கிரேவ் முதலியோர் அதே படங்களை மறுபடி ஆராய்ந்து, புதிய பொருள் எதுவும் அதில் கண்டுபிடிக்கப்படவில்லை என்று எழுதினர். கைகள் செய்த வேலையில் அவர்கள் பெரிய குறை காணவில்லை, தீர்ப்பில்தான் கண்டார்கள். உங்கள் மாணவர்கள் கற்க வேண்டியது அப்படித் தீர்ப்புச் சொல்லும் திறனை.

காரைக்குடி, ஆய்வு மாணவி: இது நியாயமில்லை, ஐயா. தன்னியக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுவதே தங்கள் நோக்கம் என்று ஏ-லேப் குழுவினர் விளக்கம் தந்தார்களே. லிவர்பூலில் எந்திரம் சாதித்ததை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

சொல்கிறேன். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கூப்பர் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சக்கரத்தில் நகரும் எந்திரக் கை 8 நாட்களில் 688 சோதனைகளைச் செய்து, தண்ணீரிலிருந்து ஒளியால் ஹைட்ரஜனைப் பிரிக்கும் கலவையை, தொடக்கக் கலவையைவிட ஆறு மடங்கு திறனுள்ளதாக்கியது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன், அம்மா. அங்கே அளக்கப்பட்டது வெளிவந்த ஹைட்ரஜன் வாயுவின் அளவு. அது ஓர் எண், கூடியதா குறைந்ததா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஏ-லேப்பில் கேட்கப்பட்டது “இது எந்தப் பொருள்?” என்ற கேள்வி. இரண்டு உலோக அணுக்கள் படிகத்தில் தனித்தனி இடங்களில் ஒழுங்காக அமரும் என்று கணினி முன்னறிவித்திருக்கும். உண்மையில் அவை ஒரே இடங்களை முறையின்றிப் பகிர்ந்துகொண்டிருக்கும். அந்த ஒழுங்கற்ற வடிவம் ஏற்கெனவே அறியப்பட்டதாகவும் இருக்கும். இரண்டின் எக்ஸ் கதிர்ப் படங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைக் காட்டும் மெலிந்த கோடுகள் வந்திருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பதற்குப் பொறுமையும் சந்தேக புத்தியும் வேண்டும். நோக்கம் எதுவாயினும், கட்டுரையில் எழுதிய முடிவு அளவீடு தாங்குகிற அளவுக்கு மேல் போகக்கூடாது.

தேவகோட்டை ஆசிரியர் மீண்டும்: ஆக, நான் சொன்னதே சரி. கை வேலையே போதும், எந்திரம் வீண்.

அப்படி நான் சொல்லவில்லை, ஐயா. 1957-இல் விற்பனைக்கு வந்த ஆட்டோஅனலைசர் மருத்துவமனைகளின் இரத்தப் பரிசோதனையையே மாற்றிப் போட்டது. ஒரே குழாயில் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, இடையிடையே விட்ட காற்றுக் குமிழிகள் அவற்றைக் கலக்காமல் பிரித்தன. மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்ட பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) தொகுப்பு முறை, வளரும் மூலக்கூறைப் பிசின் மணியில் கட்டிவைத்து ஒவ்வொரு படியிலும் கழுவுவது; அப்படிக் கழுவி ஊற்றுவதே முறை என்பதால் அது எந்திரத்துக்கு எளிதில் கைமாறியது. 1984-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வீண் என்று யார் சொல்ல முடியும்? பியூரெட்டைக் கையால் பிடித்துப் பழகியவருக்கு வினை முடிந்ததைக் காட்டும் முடிவுப்புள்ளி தாண்டிப்போவது எப்படியிருக்கும் என்று தெரியும். அவரிடம் எந்திரத்தையும் கொடுங்கள் என்பதே என் கட்சி.

காரைக்குடி, மின்கல ஆய்வாளர்: காசு வடிவ மின்கலங்களை எந்திரத்தால் அடுக்குகிறோம். மின்வாயைத் தேய்த்து மெருகேற்றுவதையும் எந்திரத்திடம் விடலாமா?

அடுக்குவதை எந்திரத்திடம் விடுங்கள். வட்டுகள் நடுவில் பொருந்துவதில் கையைவிட அது சீரானது. மின்பகுளியில் உள்ள லித்தியம் ஹெக்சாபுளோரோபாஸ்பேட் ஈரத்தைக் கண்டால் ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும் என்பதால், அனைத்தும் ஆர்கான் பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும். அலுமினாப் பொடியில் மெருகேற்றுவதை இப்போதைக்குக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்திரம் தேய்க்கும், பரப்பு சுத்தமாயிற்றா என்பதை ஒரு பரிச்சயமான மின்பகுளியில் வரையும் மின்னோட்ட வளைகோட்டைப் பார்த்தே முடிவு செய்ய முடியும். மின்பகுளியை ஊற்றும் அளவை எடை போட்டீர்களா?

கல்லல், பட்டதாரி: எந்திரம் வந்தால் வேலை போய்விடுமா?

கோட்டையூர்த் தாயாருக்கு மேலே பதில் சொல்லியிருக்கிறேன்.

கானாடுகாத்தான், கல்லூரிப் பேராசிரியர்: இத்தகைய எந்திரம் ஏறத்தாழ என்ன விலைக்கு வரும்?

முன்னுரையைப் படியுங்கள். நல்ல தராசு இல்லாத ஆய்வகம் என்றால், அதை முதலில் வாங்குங்கள்.

பள்ளத்தூர் மாணவர் மீண்டும்: வெப்ப ஃபியூஸ் போட்டுவிட்டேன், ஐயா. இரவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்வது?

நல்ல கேள்வி. மின்சாரம் திரும்பியதும் எந்திரம் தானாக ஓடத் தொடங்கக்கூடாது. ஓர் ஆள் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஹீட்டரும் பம்பும் இயங்குமாறு, தன்னைத்தானே பிடித்துவைக்கும் கான்டாக்டர் என்ற மின்விசையை இணையுங்கள். எந்தக் குழி வரை ஊற்றினோம் என்பதை ஒவ்வொரு படியிலும் கோப்பில் எழுதச் செய்யுங்கள். மின்தடையின்போது ஊற்றிக்கொண்டிருந்த குழியை முழுமையானதாகக் கணக்கிடாமல் ஒதுக்கிவிடுங்கள். கணினியை மட்டும் யு.பி.எஸ்.-இல் இணைத்துவிட்டுக் கலக்கியை விட்டுவிடாதீர்கள்: கலக்கி நின்ற குடுவையில் வினைபொருள் அடுக்கடுக்காகத் தேங்கி, அது மறுபடி சுழன்றதும் மொத்தமாக வினைபுரிந்து பொங்கும்.