சம்பள உச்சவரம்பு வந்தால் ஆட்டம் சமமாகுமா? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

2025 கடைசியில் மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி பார்த்துவிட்டு வந்ததிலிருந்து காரைக்குடி வட்டாரத்து நண்பர்கள் பலருக்கும் ஹாக்கி ஜுரம். அது அப்படியே நீண்டு வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல் வரை போய்விட்டது. கணக்குத் தணிக்கை என் தொழில் என்பதால் சம்பள உச்சவரம்பு பற்றிய கேள்விகளை மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டார்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: கோப்பை ஜெயித்தவர் பட்டியலை மட்டும் நீட்டி என்னிடம் வாதம் செய்யாதீர்கள்.

பள்ளத்தூர், கல்லூரி மாணவர்: அண்ணே, சேலரி கேப் என்றால் ஒரு ஆட்டக்காரருக்கு இவ்வளவுதான் சம்பளம் என்பதா?

இல்லை தம்பி. ஒரு அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு சீசனில் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கான எல்லை அது. தனி ஆளுக்கும் ஒரு எல்லை உண்டு, மொத்தத்தில் 20 சதவீதம். 2004-05 சீசன் முழுவதும் இந்தச் சண்டையிலேயே போயிற்று. முதலாளிகள் லாக்-அவுட் செய்ய, ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. அடுத்த சீசனில் உச்சவரம்பு 3.9 கோடி டாலரில் தொடங்கியது. 2025-26இல் அது 9.55 கோடி. கூடவே கீழ்வரம்பும் இருக்கிறது, அதே சீசனில் 7.06 கோடி. எந்தக் கஞ்சன் முதலாளியும் அதற்குக் கீழே போக முடியாது. இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மேலே வெட்டியதைப் போலவே கீழே முட்டுக் கொடுத்ததும் அணிகளை நெருங்க வைத்தது.

கூடைப்பந்து லீகில் வரம்பைத் தாண்ட ஏகப்பட்ட விலக்குகள் உண்டு. பேஸ்பாலில் வரம்பே கிடையாது, மீறினால் வரிதான். ஐஸ் ஹாக்கியில் பணம் கட்டித் தாண்ட வழி இல்லை.

தேவகோட்டை, உடற்கல்வி ஆசிரியர்: சரி, அதனால் சமநிலை வந்ததா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமா இது சார்?

வரம்புக்கு முந்தைய நிலையைப் பாருங்கள். 1995 முதல் 2004 வரை பத்துக் கோப்பைகளை வென்றவை ஐந்தே அணிகள்: நியூ ஜெர்சி, கொலராடோ, டெட்ராய்ட், டல்லாஸ், டாம்பா பே. வரம்பு வந்த பிறகு 2006 முதல் 2015 வரை பத்துக் கோப்பைகள், ஏழு அணிகள். முன்னேற்றம்தான், ஆனால் தலைகீழ் மாற்றம் இல்லை. அந்தப் பத்தில் சிகாகோ மட்டும் மூன்றை அள்ளிக்கொண்டது.

பணம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்பதும் அப்போதே பொய்யாகிவிட்டது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் லீகிலேயே அதிகம் செலவழித்த அணிகளில் ஒன்று. 1998 முதல் 2004 வரை ஏழு சீசன் தொடர்ந்து அவர்கள் பிளே-ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2004 இறுதிப் போட்டியில் மோதிய டாம்பா பே, கால்கரி இரண்டுமே பணக்கார அணிகள் அல்ல.

அப்புறம், புள்ளிப் பட்டியலில் ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. வென்றால் 2 புள்ளி. முழு நேரம் சமனாக முடிந்து, கூடுதல் நேரத்தில் தோற்றாலும் 1 புள்ளி. ஒரு ஆட்டத்தில் மொத்தம் 2 புள்ளி, இன்னொன்றில் 3 புள்ளி. இதனால் பட்டியலில் அணிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மார்ச் மாதத்தில் பத்துப் பதினைந்து அணிகளுக்கு நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்றால் அதில் பெரிய பங்கு இந்த ஆறுதல் புள்ளிக்குத்தான். எல்லாப் பெருமையையும் உச்சவரம்பின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

ஆட்டமும் அப்படிப்பட்டது. கோல் குறைவு, கோல்கீப்பர் ஒருவர் சூடு பிடித்தால் எதிரணி காலி. 2022-23இல் பாஸ்டன் 82 ஆட்டத்தில் 65 வென்று சாதனை படைத்தது. முதல் சுற்றிலேயே ஃபுளோரிடாவிடம் தோற்று வீட்டுக்குப் போனது. இதற்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

என் கருத்து இதுதான்: உச்சவரம்பு பணத்தைச் சமமாக்கியது, புத்தியைச் சமமாக்கவில்லை. முன்பு தப்பான ஆளை வாங்கிவிட்டால் பணக்கார அணி இன்னொருவரை வாங்கித் தப்பை மூடிவிடும். இப்போது அது முடியாது.

செக்காலை, ஜவுளிக்கடை நண்பர்: அப்படித் தப்பு செய்து மாட்டிய அணி எது?

இதைக் கேட்டதற்கு நன்றி, எனக்குப் பிடித்த கதை. 2012 ஜூலையில் மினசோட்டா வைல்ட் அணி சாக் பரீசே, ரயன் சூட்டர் இருவரையும் ஒரே நாளில் எடுத்தது. ஆளுக்கு 13 வருடம், 9.8 கோடி டாலர். தந்திரம் என்னவென்றால், முதல் வருடங்களில் பணத்தைக் கொட்டிக் கொடுத்துவிட்டு கடைசி வருடங்களில் சில்லறை கொடுப்பது. வரம்புக் கணக்கில் ஏறுவது சராசரிதான், வருடத்துக்கு சுமார் 75 லட்சம். அந்த செப்டம்பரிலேயே அடுத்த லாக்-அவுட் வந்தது. 2013இல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட புது ஒப்பந்தம் இந்த ஓட்டையை அடைத்தது. சொந்த ஆட்டக்காரருக்கு அதிகபட்சம் 8 வருடம், வெளியாருக்கு 7 என்றார்கள். பழைய நீண்ட ஒப்பந்தங்களுக்குப் பின்தேதியிட்ட அபராதமும் வைத்தார்கள்.

2021இல் மினசோட்டா இருவரையும் பணம் கொடுத்து விலக்கியது. அதன் பாரம் 2023-24இலும் 2024-25இலும் சீசனுக்கு 1.47 கோடி டாலர். 2023-24இல் உச்சவரம்பு 8.35 கோடி. அதாவது ஆறில் ஒரு பங்குக்கு மேல், அணியில் இல்லாத இரண்டு பேரின் பெயரில்! அப்படியும் 2024-25இல் பிளே-ஆஃப் போனார்கள். நல்ல நிர்வாகம் இருந்தால் கையைக் கட்டிப் போட்டாலும் நீந்தலாம்.

கோட்டையூர், பள்ளி மாணவர்: தமிழ்நாடு டிராகன்ஸ் விளையாடும் ஹாக்கி இந்தியா லீகிலும் இது உண்டா?

ஏலம் உண்டு. 2024 அக்டோபர் ஏலத்தில் ஆண்கள் அணிக்குத் தலா 4 கோடி ரூபாய். அதிக விலை ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். அதற்கு மேல் புல்தரை ஹாக்கிக் கேள்விகளை மேலே கேட்ட தேவகோட்டை சாரிடமே கேளுங்கள்.

ஆ.தெக்கூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: முதலாளிகளுக்கு இதில் என்ன லாபம்?

அதுதான் சார் சங்கதியே. சமநிலை என்பது மேலே போர்த்திய பட்டுத்துண்டு, உள்ளே இருப்பது செலவுக் கட்டுப்பாடு. லீகின் ஹாக்கி வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்குப் போவது 50 சதவீதம். 2012-13 சண்டைக்கு முன் அது 57 சதவீதம். ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பங்கு பாதியைத் தாண்டியிருந்தால் பிடித்ததை முதலாளிகள் எடுத்துக்கொள்வார்கள். பர்மாவுக்குக் கொண்டு விற்கப் போன நம் ஊர் ஏஜெண்டுகளுக்கு மூன்று வருடக் கணக்கு முடிந்து பேரேடு பார்த்துத் தீர்ப்பார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. என்ன, ஏஜெண்டுக்குச் சம்பளம் போக லாபத்தில் பங்கு கிடைக்கும். இங்கே கொடுத்த சம்பளத்திலிருந்தே திரும்பப் போகும்.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: என் பேரன் டொராண்டோவில் இருக்கிறான். அவன் ஊர் அணி பெரிய பணக்கார அணியாம், ஆனால் ஜெயிக்கவே மாட்டேன் என்கிறதாம். ஏன் தம்பி?

ஆச்சி, உங்கள் பேரனுக்கு என் அனுதாபங்கள். 1967க்குப் பிறகு அவர்களிடம் கோப்பை வரவில்லை. பணம் கொட்டிக் கிடக்கிறது, செலவழிக்க விடமாட்டார்கள். உள்ள வரம்பில் நான்கு முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கே ஏறக்குறைய பாதியைக் கொடுத்தார்கள். வரம்பு வருடா வருடம் ஏறும் என்று நம்பிச் செய்தது. கோவிட் வந்து மூன்று சீசன் 8.15 கோடியிலேயே நின்றுவிட்டது. தடுப்பாட்டத்துக்கும் கோல்கீப்பருக்கும் மிச்சத்தில்தான் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. 2004க்குப் பிறகு ஒரு பிளே-ஆஃப் தொடரை வெல்வதற்கே 2023 ஆயிற்று.

புதுவயல், வரி ஆலோசகர்: உண்மையான காரணத்தைச் சொல்லாமல் சுற்றுகிறீர்கள். ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் உச்ச விகிதம் 53 சதவீதத்துக்கு மேல். ஒரே சம்பளம், கையில் நிற்பது வேறு. 2020 முதல் 2025 வரை ஆறு கோப்பையில் ஐந்து வரியில்லா மாநிலங்களுக்குப் போனது. டொராண்டோவின் மிட்ச் மார்னரே 2025இல் வேகஸ் போய்விட்டார். இதுவா சமநிலை?

வந்துவிட்டார் நம் வரிக்காரர். கணக்கு சரி: ஃபுளோரிடா பாந்தர்ஸ் இரண்டு, அதே மாநிலத்து டாம்பா இரண்டு, வேகஸ் ஒன்று. ஆனால் பட்டியலை ஏன் 2020இல் தொடங்குகிறீர்கள்? 2006 முதல் 2019 வரை பதினான்கு கோப்பைகள். வரியில்லா மாநிலத்துக்கு ஒன்றுகூடப் போகவில்லை. வரி கொளுத்தும் கலிஃபோர்னியாவுக்கு மூன்று போனது. ஃபுளோரிடா பாந்தர்ஸ் 1996க்குப் பிறகு ஒரு பிளே-ஆஃப் தொடரை வென்றது 2022இல்தான். அத்தனை வருடமும் அங்கே வரி இல்லையே? கோப்பைப் பட்டியல் பற்றி ஆரம்பத்திலேயே சொன்னேன்.

புதுவயல், மீண்டும்: 2020க்குப் பிறகு வரம்பு ஏறாமல் நின்றுபோனதால்தான் ஒவ்வொரு லட்சமும் முக்கியமாயிற்று. அதனால்தான் அங்கிருந்து தொடங்கினேன். நீங்கள் தப்பிக்கிறீர்கள்.

இது நல்ல வாதம். இறுக்கமான வரம்பில் பத்து லட்சம் டாலர் குறைத்துக் கையெழுத்திட ஒருவர் சம்மதித்தால் அதில் இன்னொரு நல்ல ஆள் வருவார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி ஆட்டம் வெளியூரில் நடக்கிறது, அந்தந்த இடத்து வரி அங்கங்கே பிடிபடும். டொராண்டோவுக்கு வந்த ஜான் டவாரெஸ் ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை முன்பணமாக வாங்கி, அதற்கு 15 சதவீத வரிதான் என்று கனடா வருவாய்த் துறையோடு வழக்காடப் போனார். வரியில்லாத டல்லாஸுக்குக் கிடைத்த ஒரே கோப்பை 1999இல், உச்சவரம்புக்கு முன்பு. அதேபோல் வரியில்லாத நாஷ்வில் இதுவரை வென்றதே இல்லை.

தேவகோட்டை ஆசிரியர் குறுக்கே: அப்படியானால் வரிக்கு ஏற்ப அணிக்கு அணி உச்சவரம்பை மாற்றிவிடலாமே?

மாற்றுங்கள். அப்புறம் வின்னிபெக் குளிருக்கு ஒரு படி, நியூயார்க் விளம்பர வருமானத்துக்கு ஒரு கழிவு, மயாமி கடற்கரைக்கு ஒரு கழிவு என்று வரிசையில் நிற்பார்கள்.

புதுவயல், மூன்றாம் முறை: வானிலைக்கு ரசீது கிடையாது. வரிக்கு உண்டு.

இது உங்களுக்கு ஒரு புள்ளி. இனி இந்த விவாதம் கொப்புடையம்மன் கோயில் வாசலில், டீ உங்கள் செலவு. இதற்குள் இருபது பேர் காத்திருக்கிறார்கள்.

காரைக்குடி, பொறியியல் மாணவர்: காயம் என்று சொல்லி வரம்பை ஏமாற்றலாமாமே?

செய்தார்கள். நீண்டகாலக் காயம் என்றால் அந்தச் சம்பள அளவுக்கு வரம்பைத் தாண்ட அனுமதி இருந்தது. பிளே-ஆஃபில் வரம்பே இல்லாமல் இருந்தது. 2020-21இல் டாம்பாவின் நிகிதா குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சையால் சீசன் முழுக்க ஆடவில்லை, பிளே-ஆஃப் முதல் ஆட்டத்தில் வந்து நின்றார். கோப்பையும் வென்று, வரம்பைவிட 1.8 கோடி அதிகம் என்று எழுதிய பனியனும் போட்டுக்கொண்டார். விதியை மீறவில்லை, விதி அப்படி இருந்தது. 2025-26 முதல் பிளே-ஆஃபிலும் வரம்பு உண்டு.

சிங்கம்புணரி, கண்டனூர், இன்னும் சிலர்: டொராண்டோ ஏன் ஜெயிப்பதில்லை?

ஆச்சிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கல்லல், கடைக்காரர்: ஐபிஎல் ஏலத்தில் சென்னை அணி...

கிரிக்கெட்டா? அடுத்த கேள்வி.

பள்ளத்தூர் மாணவர், மறுபடி: சீசன் நடுவே அணிகள் திடீரென்று பெரிய ஆளை வாங்குகின்றன. வரம்பு இடிக்காதா?

நல்ல கேள்வி தம்பி. வரம்பு நாள்கணக்கில் ஓடுகிறது. ஒரு அணி சீசன் தொடக்கத்தில் 10 லட்சம் டாலர் இடம் விட்டு வைக்கிறது என்று வை. முக்கால் சீசன் போன பிறகு, மிச்சக் கால் சீசனுக்கு வருடம் 40 லட்சம் சம்பளக்காரரைக் கொண்டுவரலாம், கால் பங்குதானே கணக்கில் ஏறும். விற்கும் அணி பாதிச் சம்பளம் வரை தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. அப்படியானால் 80 லட்சம்காரரே வந்துவிடுவார். அக்டோபரில் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருந்த மேலாளருக்கு மார்ச்சில் கிடைக்கும் கூலி இது.

பள்ளத்தூர் மாணவர்: இந்தக் கணக்கெல்லாம் எங்கே பார்ப்பது?

கேப்ஃப்ரெண்ட்லி என்ற இணையதளம் அருமையாக இருந்தது. 2024இல் வாஷிங்டன் அணி அதை விலைக்கு வாங்கித் தன் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டு பொதுமக்களுக்கு மூடிவிட்டது. இப்போது பக்பீடியா இருக்கிறது. கைபேசியில் திறக்காதே, கட்டங்கள் பக்கவாட்டில் ஓடும், கணினியில் பார்.