பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கதவு இடைவெளி கோணலாக இருந்தால் வாங்கலாமா?

பாலக்காட்டுச் சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் இல்லை) கூரை திறக்கும் பழைய டூ சீட்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, டிரைவர் கதவுக்கும் முன் பெண்டருக்கும் (முன் சக்கரத்தை மூடும் தகடு) நடுவில் மேலே அகலம், கீழே குறுகல், அடிபட்ட வண்டியா, சரி செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். செட்டிபாளையம் ரேஸ் டிராக் ரொம்ப தூரமில்லை என்பதால் இந்த மாதிரி வண்டிகள் நம்ம பக்கமும் எட்டிப்பார்க்கும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் கீல் மேல்தான். மேல் கீலின் பின்னோ (கீல் சுழலும் கம்பி) புஷ்ஷோ (அந்தக் கம்பி உட்காரும் வளையம்) தேய்ந்தால் கதவின் பின்முனை தொங்கும், முன்பக்கம் மேலே வாய் பிளக்கும். இந்த வண்டிகளில் கதவு நீளம், கனமும் அதிகம். சீட்டோ தரையை ஒட்டி இருக்கும். எழுகிறவர் எல்லாம் கதவைப் பிடித்துத் தொங்கித்தான் எழுவார். கதவைப் பாதி திறந்து பின்முனையை மேலே தூக்கிப் பாருங்கள். கடக்கென்று ஆடினால் கீல்தான், பயப்பட வேண்டாம்.

ஆடவில்லை என்றால்தான் யோசிக்கணும். கூரை இல்லாத வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் சட்டம்தான் பெரும்பாலும் பாரத்தைத் தாங்குகிறது. அதன் தண்ணீர் ஓட்டைகள் அடைபட்டால் உள்ளேயே துரு தின்னும். நம்ம கிழக்குப் பக்கம் மழை கம்மி. கொச்சிக் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் கதை வேறு. ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு பக்கத்தை ஏற்றிவிட்டு இடைவெளியைப் பாருங்கள். லேசாக மாறுவது சகஜம். கதவு முட்டி மூட மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பெண்டர் போல்ட், கீல் போல்ட் தலைகளையும் பாருங்கள். பெயிண்ட் உடைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

அளக்க ஏ.டி.எம். கார்டு போதும். ஒன்று 0.76 மி.மீ. கனம், ஐந்து சேர்த்தால் 3.8. எண்ணிக்கையைவிட, அதே அடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி நுழைகிறதா என்பதுதான் விஷயம். காலையில், சமதரையில், நான்கு டயரிலும் காற்று சரிபார்த்து அளங்கள். உச்சிவெயிலில் வேண்டாம், அலுமினிய பானட் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும்.

இனி சரி செய்வது. கதவு தொங்கினால் லாக் கொண்டியை (கதவு லாக் போய்ப் பிடிக்கும், பாடியில் உள்ள கொக்கி) ஏற்றி வைத்து அனுப்பிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மூடினால் நேராகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு முறையும் கதவு கொண்டி மேல் ஏறி உட்காரும். தேய்ந்த கீல் இன்னும் தேயும். நான் கொண்டியை முதலில் கழற்றி வைத்துவிடுவேன். பின்னோ புஷ்ஷோ போயிருந்தால் மாற்றிவிட்டு, கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, போல்ட்டுகளைப் பாதி தளர்த்தி, கதவின் பின்முனைக்குக் கீழே துணி சுற்றிய கட்டையோடு ஜாக்கி கொடுத்து இம்மி இம்மியாக ஏற்றணும். கதவுக்குப் பின்பக்க பாடி வெல்டு செய்தது, அசையாது. அதனால் கதவை அதற்குத்தான் பொருத்தணும். அப்புறம் கதவுக்குப் பெண்டர், பெண்டருக்கு பானட். கதவின் முன்விளிம்பு பெண்டரைவிட ஒரு முடியளவு உள்ளே இருக்கட்டும், வெளியே நீட்டினால் காற்றுச் சத்தம் வரும். பானட் உயரத்துக்கு ரப்பர் ஸ்டாப்பரைத் திருகினால் போதும்.

பைபர் பாடி என்றால், கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் மாதிரி, அடித்து வளைக்கும் வேலையே கிடையாது. ஷிம் (இடையில் செருகும் மெல்லிய தகடு) வைத்துத்தான் பார்க்கணும். போல்ட்டை இறுக்கித் தொலைத்தால் கீலைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி விரிசல் விழும். வாங்கும்போதே அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிரேம் இல்லாத கதவுக் கண்ணாடியைக் கடைசியில்தான் தொடணும். கதவு செட்டாகாமல் அதைச் சரி செய்தால் இரட்டை வேலை.