ஆபீஸ் நெட்ல நாம பாக்குறதை யாரு பாக்குறாங்க? வாசகர் கேள்விகளும் பதிலும்

போன இதழ்ல ஆபீஸ் லேப்டாப் பத்தி ரெண்டே வரி எழுதினேன், அதுக்கே கேள்வி வந்து குவிஞ்சிருச்சு, முக்கால்வாசி பெங்களூர்ல இருந்துதான். நானும் இங்கதான் 2005ல இருந்து நெட்வொர்க் அட்மினா வேலை பாக்குறேன், சைட்டை ப்ளாக் பண்ற பட்டன், லாக் (எந்த மெஷின் எப்ப எந்த சைட்டுக்கு போச்சுங்குற பதிவு) எடுக்குற பாஸ்வேர்ட் எல்லாம் எங்க கையிலதான் இருக்கும். அந்தப் பக்கம் உக்காந்து பாத்ததை வெச்சு பதில் எழுதுறேன்.

அக்கா, மாரத்தஹள்ளில ஒரு கம்பெனில டெவலப்பரா இருக்கேன். அப்ரைசல்ல மேனேஜர் ஒரு ஷீட்டை காட்டி, ஒரே நாள்ல 3 மணி 40 நிமிஷம் யூட்யூப் பாத்திருக்கேன்னு சொல்றார். நான் ஹெட்செட்ல ராஜா பாட்டு போட்டு விட்டுட்டு கோட் எழுதுற ஆளு. ஃபேஸ்புக் 61 தடவைன்னு வேற இருக்கு, எனக்கு ஃபேஸ்புக் அக்கவுண்டே கிடையாது. பொய்யா ஷீட் ரெடி பண்ணிருக்காங்களா?

இல்ல தம்பி, பொய்யா யாரும் பண்ணிருக்க மாட்டாங்க, ஆனா அந்த ஷீட்டை அப்படியே நம்பவும் கூடாது. ப்ராக்ஸின்னா ஆபீஸ் மெஷினுக்கும் நெட்டுக்கும் நடுவுல நிக்குற சர்வர், அதோட லாக்ல ஒரு வரின்னா அதுல இருக்குறது நேரம், எந்த மெஷின், எந்த சைட்டுக்கு போச்சு, எவ்ளோ டேட்டா, அவ்ளோதான். "இத்தனை நிமிஷம் பாத்தான்"னு லாக்ல எங்கயும் இருக்காது. ரிப்போர்ட் போடுற சாஃப்ட்வேர் என்ன பண்ணும்னா, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில கொஞ்ச நேரம்தான் இருந்தா நடுவுல முழுக்க நீ அங்கதான் இருந்தேன்னு வெச்சு கூட்டிரும். யூட்யூப் டேபை கீழ இறக்கி வெச்சாலும் அது பாட்டை துண்டு துண்டா இழுத்துக்கிட்டே இருக்கும்ல, அந்த இழுப்பு லாக்ல வரி வரியா விழும். நீ விஷுவல் ஸ்டுடியோல பக் தேடிக்கிட்டு இருந்திருப்ப, கணக்குல வீடியோ பாத்துக்கிட்டு இருந்த மாதிரி விழுந்திருக்கும்.

ஃபேஸ்புக் கதை இன்னும் மோசம். நியூஸ் சைட், ஷாப்பிங் சைட் நிறைய இடத்துல ஃபேஸ்புக்கோட பிக்ஸல்னு கண்ணுக்கு தெரியாத ஒரு சின்ன கோடை வெச்சிருப்பாங்க, பேஜ் திறந்த உடனே உன் ப்ரவுசர் தானா ஃபேஸ்புக் சர்வரை போய் தட்டிட்டு வந்துரும். அக்கவுண்ட் இருக்கோ இல்லையோ லாக்ல பேர் விழும். ஒருத்தருக்கு எதிரா ஷீட் குடுக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் வடிகட்டிதான் குடுக்கணும், நிறைய இடத்துல அந்த வேலையை யாரும் செய்றதில்ல, ரிப்போர்ட் பட்டனை அமுக்கி வர்ற பிடிஎஃப்பை அப்படியே எச்ஆருக்கு அனுப்பிருவாங்க.

அதனால கோவப்படாம மெயில்ல எழுதிக் கேளு. அந்த ஒரு நாளோட ரா லாக் (கூட்டிக் கழிக்காத அசல் பதிவு) வேணும், எந்த பேஜ்ல இருந்து அந்த ரிக்வெஸ்ட் கிளம்புச்சுங்குற விவரம் பதிவாகியிருந்தா அதையும் சேர்த்து வேணும்னு கேளு. அதே நாள்ல நீ பண்ண கமிட் (சேமிச்ச கோட்), மூடின டிக்கெட் (முடிச்ச வேலை) எல்லாத்தையும் நேரத்தோட எடுத்து கீழ ஒட்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா பாக்குறவங்களுக்கே புரியும். வாய்ப்பேச்சா விட்றாத, அப்ரைசல்ல எழுதினது அடுத்த வருஷமும் கூடவே வரும்.

இன்காக்னிட்டோல திறந்தா ஆபீஸுக்கு தெரியாதுதானே? (இந்திராநகர் வாசகர்)

தெரியும். அது உங்க ப்ரவுசர் ஹிஸ்டரில எழுதிக்காது, அவ்ளோதான் அதோட வேலை. பூட்டு போட்ட சைட்டுன்னா, அதாவது https-னு ஆரம்பிக்குறதுன்னா, நெட்வொர்க்ல பொதுவா சைட் பேர் மட்டும்தான் தெரியும், உள்ள எந்த பேஜ், என்ன டைப் பண்ணீங்கங்குறது தெரியாது. ஆனா கம்பெனி லேப்டாப்ல கம்பெனியோட சொந்த சர்டிஃபிகேட் (சைட் நிஜமானதுன்னு ப்ரவுசருக்கு காட்டுற டிஜிட்டல் சான்று) போட்டு வெச்சிருந்தா நடுவுலயே பிரிச்சு படிச்சுட்டு திரும்ப ஒட்டி அனுப்பலாம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, அட்ரஸ் பார்ல அந்த பூட்டையோ அதுக்கு பதிலா இருக்குற குறியையோ அமுக்கி சர்டிஃபிகேட் யார் குடுத்ததுன்னு பாருங்க, அங்க உங்க கம்பெனி பேரோ ஃபயர்வால் (ஆபீஸ் நெட்டுக்கு காவல் நிக்குற கருவி) விக்குற கம்பெனி பேரோ இருந்தா பிரிச்சு பாக்குறாங்கன்னு அர்த்தம். பேங்க் சைட்டையெல்லாம் பொதுவா இதுல இருந்து விலக்கி வெப்போம், ஆனா அது அந்தந்த அட்மின் செட் பண்றதை பொறுத்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்குற சாஃப்ட்வேர் இருந்துட்டா பூட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, உங்க கண்ணுக்கு தெரியுறது எல்லாம் அதுக்கும் தெரியும்.

மேடம், பீன்யால சின்ன ஃபேக்டரி வெச்சிருக்கேன், ஆபீஸ்ல மட்டும் 22 பேர். எப்பப் பாத்தாலும் ரீல்ஸ், ஷாப்பிங். ஒருத்தர் வந்து ஒரு சாஃப்ட்வேர் டெமோ காட்டினார், 5 நிமிஷத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்குமாம், டைப் பண்றது எல்லாம் பதிவாகுமாம், ஸ்டாஃபுக்கு ஐகான் கூட தெரியாதாம். எங்க கொட்டேஷன் ஒண்ணு வெளிய போயிருச்சோன்னு சந்தேகம் வேற இருக்கு. போடலாமா?

சார், போடாதீங்க. உங்க மெஷின், உங்க நெட், எது திறக்கணும் எது திறக்கக் கூடாதுன்னு சொல்ற உரிமை உங்களுக்கு முழுசா இருக்கு, அதுல எனக்கு மறுபேச்சே இல்ல. ஆனா தெரியாம ஒளிஞ்சு பாக்குறது வேற விஷயம்.

முதல்ல ரீல்ஸ். அதை யாரு சார் கம்ப்யூட்டர்ல பாக்குறாங்க? 2007ல எங்க ஆபீஸ்ல 120 பேருக்கு 2 எம்பிபிஎஸ் லைன், நாலு பேர் ஆர்குட்ல போட்டோ திறந்தா கஸ்டமர் மெயில் போகாது, அப்ப ப்ளாக் பண்ணதுக்கு அர்த்தம் இருந்துச்சு. 2016ல ஜியோ வந்தப்புறம் எல்லார் பாக்கெட்லயும் தனி லைன் இருக்கு. நீங்க காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் டெஸ்க்டாப்பை பாத்துக்கிட்டு இருக்கும், பையன் டேபிளுக்கு கீழ போனை வெச்சு பாத்துக்கிட்டு இருப்பான். அது சூப்பர்வைசர் கூப்ட்டு பேச வேண்டிய விஷயம், சாஃப்ட்வேர் பாத்துக்குற விஷயம் இல்ல.

கொட்டேஷன் போனது நிஜமான பிரச்சினை. ஆனா அதுக்கு 22 பேர் ஸ்க்ரீனை படம் பிடிக்க வேண்டாம். ரேட் ஷீட் இருக்குற ஃபோல்டரை 3 பேருக்கு மட்டும் திறந்து விடுங்க, யார் எப்ப திறந்தாங்கன்னு அந்த ஃபோல்டருக்கு மட்டும் ஆடிட் ஆன் பண்ணுங்க, பென் டிரைவ் போர்ட்டை மூடுங்க, சொந்த மெயில்ல ஃபைல் அட்டாச் பண்றதை நிறுத்துங்க. ஒரு நல்ல அட்மின் ஒரு சனிக்கிழமைல முடிச்சு குடுத்துருவான்.

டைப் பண்றதை பதிவு பண்ற விஷயம் இன்னும் ஆபத்து. மதியம் ஒருத்தர் கரண்ட் பில் கட்டுவார், அவர் பேங்க் பாஸ்வேர்ட் உங்க சர்வர்ல வந்து உக்காந்துக்கும். நாளைக்கு அவர் அக்கவுண்ட்ல காசு போச்சுன்னா முதல்ல யாரை கேப்பாங்க? ஐடி சட்டத்துக்கு கீழ வந்த 2011 விதிகள்ல பாஸ்வேர்டை சென்சிட்டிவ் தகவல்னே பட்டியல்ல வெச்சிருக்காங்க, எழுத்துல சம்மதம் வாங்காம கம்பெனி அதை சேகரிக்கக் கூடாது. 2023 ஆகஸ்ட்ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டம் முதலாளிக்கு ஒரு சலுகை குடுக்குது, நிஜம்தான், வேலை சம்பந்தமாவோ கம்பெனி ரகசியத்தை காப்பாத்தவோ ஊழியர்கிட்ட தனியா சம்மதம் வாங்காமலே தகவலை பயன்படுத்தலாம். ஆனா சேத்து வெச்சதை பத்திரமா வெச்சுக்காம விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகும்னும் அதே சட்டத்துலதான் இருக்கு. விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான பகுதிகளுக்கு 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. இப்பவே சேக்குறதை குறைச்சுக்கிட்டா பின்னாடி நிம்மதி.

வெளிநாட்டுல ஒரு வழக்கு. ருமேனியால பார்புலெஸ்குன்னு ஒரு இன்ஜினியர், கம்பெனி வேலைக்காக யாஹூ மெஸஞ்சர் வெச்சிருந்தார், 2007ல அதுல அவர் பேசினதையெல்லாம் எடுத்து 45 பக்கம் டைப் பண்ணி முன்னாடி போட்டாங்க. கூடப் பிறந்தவர் கூடயும் கட்டிக்கப் போற பொண்ணு கூடயும் பேசின அந்தரங்கமான பேச்செல்லாம் அதுல இருந்துச்சு. வேலை போச்சு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல 2016ல அவர் பக்கம் தீர்ப்பு வரல, 2017 செப்டம்பர்ல பெரிய பெஞ்ச் அதை மாத்தி, அவரோட அந்தரங்க உரிமையை ருமேனிய கோர்ட்டுங்க காப்பாத்த தவறிருச்சுன்னு 11க்கு 6னு சொல்லுச்சு. இத்தனைக்கும் சொந்த விஷயத்துக்கு கம்ப்யூட்டரை தொடக் கூடாதுன்னு அந்த கம்பெனில ரூல் இருந்துச்சு. உள்ளடக்கத்தையே படிப்போம்னு முன்கூட்டி சொன்னாங்களா, அவ்ளோ தூரம் படிக்க காரணம் இருந்துச்சா, இதுக்கு குறைச்சலா வேற வழி இல்லையாங்குறதைத்தான் பாக்கணும்னாங்க. நம்ம ஊர் கோர்ட்டை அந்த தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனா அந்த கேள்விகளை நீங்க உங்களையே கேட்டுப் பாக்கலாம்.

சட்டத்தை விடுங்க சார், நான் பாத்ததை சொல்றேன். 2012, அப்ப நான் வேற ஒரு கம்பெனில இருந்தேன். பெரிய அதிகாரி ஒருத்தர் வந்து ஒரு பொண்ணு பேரை சொல்லி ரெண்டு மாச லாக் வேணும்னார், ஏன்னு கேக்கல, எடுத்தேன். அப்ப பாதி சைட்டுக்கு பூட்டு கிடையாது, முழு அட்ரஸும் லாக்ல விழும். காலைல 10.10க்கு குழந்தையின்மை சிகிச்சை ஆஸ்பத்திரி ஒண்ணு, அதுல ஒரே டாக்டர் பேஜ் 11 தடவை, அடுத்த வரி பர்சனல் லோன் கணக்கு போடுற சைட், மறுநாளும் அதே டாக்டர், அப்புறம் திருக்கருகாவூர் கோயில் பேஜ். அந்த பொண்ணு எனக்கு நாலு சீட் தள்ளி உக்காந்திருந்தா, தினமும் மதியம் ஒண்ணா சாப்பிடுவோம், ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ வாய் திறந்து யார்கிட்டயும் சொல்லாததை நான் படிச்சேன், ப்ரிண்ட் போட்டு இன்னொருத்தர் டேபிள்ல கொண்டு போய் வெச்சேன். மூணு மாசத்துல அவ வேலையை விட்டுட்டு போயிட்டா, காரணம் அதுதானான்னு எனக்கு தெரியாது, ஆனா அந்த மூணு மாசமும் அவளுக்கு முகம் குடுத்து பேச முடியாம சாப்பாட்டு டப்பாவை என் சீட்லயே திறந்தேன். அன்னைக்கு மறுத்திருக்கணும். அதுக்கப்புறம் எழுத்துல காரணமும் ரெண்டு பேர் கையெழுத்தும் இல்லாம தனி ஆள் லாக் நான் எடுத்ததே இல்ல.

அதனால உங்களுக்கு நான் சொல்றது இதுதான். ஃபயர்வால்ல ஷாப்பிங், வீடியோ எல்லாம் வேலை நேரத்துல மூடுங்க, மதியம் 1ல இருந்து 2 வரைக்கும் திறந்து விடுங்க. ஒரே ஒரு பக்கம் எழுதுங்க, கன்னடத்துலயும் தமிழ்லயும் ஆபீஸ்ல வேற பாஷை இருந்தா அதுலயும்: எது மூடியிருக்கு, எது பதிவாகுது, யார் பாப்பாங்க, எத்தனை நாள் இருக்கும். செர்ட்-இன்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி சிஸ்டம் லாக் 180 நாள் வெச்சிருக்கணும், அது ஹேக்கிங் நடந்தா பாக்குறதுக்கு, யார் என்ன வாங்கினாங்கன்னு ஞாயித்துக்கிழமை உக்காந்து படிக்குறதுக்கு இல்லன்னும் அந்த பக்கத்துலயே எழுதிருங்க. சுவத்துல ஒட்டுறதோட நிறுத்தாம ஒரு நாள் எல்லாரையும் கூப்ட்டு நீங்களே வாசிங்க. பாதி பிரச்சினை அன்னைக்கே அடங்கிரும், எங்க ஆபீஸ்ல அடங்குச்சு.

ஆபீஸ் மெயிலை என் சொந்த போன்ல போட சொல்றாங்க. போட்டா போன்ல எல்லா டேட்டாவையும் அழிக்க அனுமதி கேக்குது. பயமா இருக்கு. (பெல்லந்தூர் வாசகி)

பயப்படுறது நியாயம்தாம்மா, "அனுமதி"யை அமுக்குறதுக்கு முன்னாடி ஐடி டீம்ல ஒண்ணு மட்டும் கேளுங்க, ஒர்க் ப்ரொஃபைலா இல்ல முழு போனையும் சேக்குறீங்களான்னு. ஆண்ட்ராய்டுல ஒர்க் ப்ரொஃபைல்னா ஆபீஸ் ஆப் எல்லாம் ஒரு சின்ன பெட்டி அடையாளத்தோட தனியா நிக்கும், உங்க கேலரி, வாட்ஸ்அப் அந்தப் பக்கம், கம்பெனி அழிச்சா ஆபீஸ் பக்கம் மட்டும்தான் போகும். முழு போனையும்னா ரிசைன் பண்ற அன்னைக்கு குழந்தை போட்டோவோட சேர்த்து துடைச்சுரலாம். அப்படின்னா தனி போன் குடுங்கன்னு கேளுங்க, தரலன்னா மெயிலை ஆபீஸ் லேப்டாப்லயே பாத்துக்குறேன்னு சொல்லிருங்க.

எலக்ட்ரானிக் சிட்டில பிபிஓல இருக்கேன்க்கா. ஃப்ளோருக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, லாக்கர்ல வெச்சிரணும், நெட்டும் கிடையாது. ஓசூர்ல கிரெச்ல விட்டிருக்குற குழந்தைக்கு காய்ச்சல்னு 11 மணிக்கு போன் பண்ணிருக்காங்க, நான் பாத்தது 2.30க்கு. இது சட்டப்படி சரியா?

படிச்சதும் மனசு பதறுச்சும்மா. போன் தடை தப்பில்ல, கிரெடிட் கார்டு நம்பர் ஸ்க்ரீன்ல ஓடுற ஃப்ளோர்ல கேமரா உள்ள வரக் கூடாதுன்னு க்ளையண்ட் ஒப்பந்தத்துலயே இருக்கும், பேப்பர் பேனா கூட விட மாட்டாங்க. ஆனா போனை வாங்கி வெச்சுக்குற கம்பெனி, வெளிய இருந்து உன்னை கூப்புடுற வழியை கண்டிப்பா தரணும், மனுஷங்களுக்கு செய்ய வேண்டிய மினிமம் மரியாதை அது. ஃப்ளோர்ல டீம் லீடர் டேபிள்ல லேண்ட்லைன் இருக்கும், செக்யூரிட்டி டெஸ்க்ல இன்னொண்ணு இருக்கும். "அவசர அழைப்பு வந்தா 5 நிமிஷத்துல எனக்கு சொல்லணும்"னு மேனேஜருக்கும் எச்ஆருக்கும் மெயில் போடு, உன்ன மாதிரி குழந்தையை விட்டுட்டு வர்ற இன்னும் நாலு பேரையும் சேத்து பேர் போடு, ஒத்தை ஆளா கேட்டா தட்டிக் கழிப்பாங்க. நகரலன்னா கேஐடியூன்னு கர்நாடகா ஐடி ஊழியர் சங்கம் 2017ல இருந்து இருக்கு, அவங்ககிட்ட பேசு. அதுவரைக்கும் காத்திருக்காத, நாளைக்கு காலைல அந்த ரெண்டு லேண்ட்லைன் நம்பரையும் உன் எம்ப்ளாயி நம்பர், ஷிஃப்ட் நேரத்தோட ஒரு அட்டைல பெருசா எழுதி கிரெச் ஆயாகிட்ட குடுத்து, உன் கண்ணு முன்னாடியே ஒரு தடவை அடிச்சு பாக்க சொல்லு.