எட்டு வரிசைதான், எழுதிவிடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் மாலை வகுப்பில், பூலியன் இயற்கணித (மெய், பொய் என்ற இரண்டே மதிப்புகளைக் கொண்ட கணக்கு) முற்றொருமைகளை, அதாவது எப்போதும் இரு பக்கமும் சமமாக இருக்கும் சமன்பாடுகளை, மெய்யட்டவணை (எல்லா மதிப்புச் சேர்க்கைகளையும் வரிசையாக எழுதும் அட்டவணை) கொண்டு நிறுவுவது பற்றி வந்த கேள்விகள் இவை. செம்பனை எண்ணெய் ஆலையில் மின் பராமரிப்பு பார்த்தவன் என்பதால் ஆலைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். க, ச, த ஆகியவை மாறிகள். கூட்டல் குறி 'அல்லது', புள்ளி 'மற்றும்', தலையில் வரும் சிறு கோடு (') 'இல்லை'. 1 என்றால் மெய், 0 என்றால் பொய். ஒன்றாவது 1 என்றால் 'அல்லது' 1 (ஆகவே 1 + 1 என்பதும் 1), எல்லாம் 1 என்றால்தான் 'மற்றும்' 1, 'இல்லை' 0-வையும் 1-ஐயும் மாற்றிப் போடும்.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவி): சார், எண்களைப் போட்டுச் சரிபார்ப்பது நிரூபணம் ஆகாது என்று கணித வகுப்பில் சொன்னார்கள். இங்கே மட்டும் எப்படி ஆகிறது?

பதில்: அவர்கள் சொன்னது சரிதான் அம்மா. சாதாரண இயற்கணிதத்தில் பத்து எண்களைப் போட்டுப் பார்த்தாலும் பதினோராவது எண் காத்திருக்கும். அந்த வரிசைக்கு முடிவே கிடையாது. பூலியன் மாறிக்கு 0, 1 என்று இரண்டே மதிப்புகள். மூன்று மாறிகள் என்றால் 2×2×2, எட்டுச் சேர்க்கைகள். ஒன்பதாவது எங்கு தேடினாலும் கிடைக்காது. எட்டிலும் இரு பக்கமும் ஒத்துப்போனால் முற்றொருமை நிறுவப்பட்டுவிட்டது. ஏழு வரிசை எழுதிவிட்டு ஏழுக்கு மதிப்பெண் கேட்காதீர்கள்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவர்): க + ச·த = (க + ச)·(க + த) என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கூட்டல் எப்படிப் பெருக்கலுக்குள் நுழையும்?

பதில்: சாதாரண எண்களில் நுழையாது, அந்தப் பழக்கம்தான் உங்களைத் தடுக்கிறது. இதுபோன்ற இடத்தில்தான் அட்டவணைக்கு மதிப்பு அதிகம். மனம் ஒப்புகிறதா என்று அது கேட்பதில்லை. வரிசைகளை 000, 001, 010 என்று 111 வரை இருமக் கணக்கில் எழுதுங்கள். எந்த ஒழுங்கில் எழுதினாலும் விடை மாறாது. ஆனால் இப்படி எழுதினால் ஒன்றும் விட்டுப்போகாது. அட்டவணையின் நெடுவரிசைகளைப் படுக்க வைத்துக் காட்டுகிறேன்:

க: 0 0 0 0 1 1 1 1
ச: 0 0 1 1 0 0 1 1
த: 0 1 0 1 0 1 0 1
ச·த: 0 0 0 1 0 0 0 1
க + ச·த: 0 0 0 1 1 1 1 1
க + ச: 0 0 1 1 1 1 1 1
க + த: 0 1 0 1 1 1 1 1
(க + ச)·(க + த): 0 0 0 1 1 1 1 1

ஐந்தாவதும் கடைசியும் ஓர் இலக்கம் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றன. அவ்வளவுதான் நிரூபணம். ச·த, க + ச போன்ற இடைப்பட்டவற்றை மனக்கணக்காகப் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். என் வகுப்பில் தவறுகள் பெரும்பாலும் அந்த எழுதாத இடத்தில்தான் பிறக்கின்றன.

கேள்வி (அதே மாணவர்): க + ச = க + த என்றால், இரு பக்கமும் க-வை நீக்கி ச = த எனலாமா?

பதில்: கூடாது. க = 1, ச = 0, த = 1 என்று போடுங்கள். இரு பக்கமும் 1. ஆனால் ச-வும் த-வும் வேறு. மறுக்க ஒரு வரிசையே போதும், முழு அட்டவணை தேவையில்லை.

கேள்வி (செம்பனை ஆலைப் பயிற்சியாளர்): அண்ணே, பழக்குலை வேகும் கலனில் ஆவி அழுத்தம் இருந்தாலோ, தண்ணீர் வடியாமல் இருந்தாலோ கதவு திறக்கக் கூடாது. இதை 'அழுத்தம் இல்லை அல்லது தண்ணீர் இல்லை என்றால் திற' என்று சர்க்யூட்டில் மாற்றி வரைந்தேன். சரிதானே?

பதில்: தம்பி, அந்தத் தாளை முதலில் கிழித்துப் போடுங்கள். அழுத்தம் க, தண்ணீர் ச. திறக்க வேண்டிய நிலை (க + ச)'. கணிதவியலாளர் டி மார்கனின் விதிப்படி அது க'·ச', அதாவது 'அழுத்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை'. நீங்கள் வரைந்தது க' + ச'. இரண்டு மாறி, நான்கே வரிசை. அதில் க = 1, ச = 0 என்ற வரிசையைப் பாருங்கள்: சரியான கோவை 0, உங்களுடையது 1. தண்ணீர் வடிந்துவிட்டது, உள்ளே ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் ஆவி நிற்கிறது, உங்கள் சர்க்யூட் கதவைத் திறக்கச் சொல்கிறது. 'இல்லை' உள்ளே போகும்போது 'அல்லது' 'மற்றும்' ஆக மாறியே தீர வேண்டும்.

கேள்வி (ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்): அந்த டி மார்கன் மதுரையில் பிறந்தவராமே?

பதில்: உண்மைதான் ஐயா. 1806-இல் மதுரையில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஆகவே நாம் ரொம்பவும் உரிமை கொண்டாட முடியாது.

கேள்வி (ஒரு தாயார்): மகன் அட்டவணை சரியாகப் போட்டும் மதிப்பெண் கிடைக்கவில்லை. ஏன்?

பதில்: கேள்வித்தாளைப் பாருங்கள் அக்கா. 'விதிகளைப் பயன்படுத்தி நிறுவுக' என்று இருந்தால் அட்டவணை செல்லாது. படிப்படியாகச் சுருக்கிக் காட்ட வேண்டும்.

கேள்வி (ஆறாம் படிவ மாணவி): மாறிகள் கூடினால் என்ன செய்வது?

பதில்: ஒரு மாறி கூடும்போதெல்லாம் வரிசைகள் இரட்டிப்பாகும். ஐந்துக்கு 32, பத்துக்கு 1,024, இருபதுக்கு 1,048,576. நான்கு மாறி வரை கையால் எழுதுங்கள். அதற்கு மேல் முதலில் விதிகளால் சுருக்குங்கள். சுருங்க மறுத்தால் கணினியிடம் விட்டுவிடுங்கள், அது சலித்துக்கொள்ளாது.