தலையணைக்கு அடியில் பிஸ்டல் வைக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 58. கடையில் இரண்டு முறை கொள்ளை நடந்த பிறகு, தற்காப்புக்கு லைசென்ஸ் எடுத்து 9 எம்.எம். பிஸ்டல் வாங்கினேன். இரவில் தலையணைக்கு அடியில் இருக்கும். பகலில் பக்கியின் (சிறிய சரக்கு வண்டி) கபிஹோலில், அதாவது முன்சீட்டுக்கு எதிரே உள்ள சிறு பெட்டியில், கிடக்கும். சனி ஞாயிறு பேரப்பிள்ளைகள் வருவதால் மனைவி சத்தம் போடுகிறாள். சேஃபில் பூட்டிவிட்டால் திருடன் வரும்போது எப்படி எடுப்பது? நான் ஊரில் இல்லாத நாளில் மகன் அதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வீட்டம்மா சத்தம் போடுவதில் நியாயம் இருக்கிறது ஐயா.

பிஸ்டல் இருக்க வேண்டிய இடம் இரண்டுதான். ஒன்று உங்கள் உடம்பு, இல்லாவிட்டால் சேஃப். தலையணை, டிராயர், அலமாரியின் மேல்தட்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால், கபிஹோல் எல்லாம் கணக்கில் சேராது. நம் தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அதன் விதிகளும் இதையேதான் கேட்கின்றன: உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லாத துப்பாக்கி, தரமுத்திரை பெற்ற சேஃபுக்குள் பூட்டியிருக்க வேண்டும். தூங்குகிறவருக்குக் கட்டுப்பாடு ஏது?

பிள்ளைக்கு விசையை இழுக்க பலம் போதாது என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண பிஸ்டலின் விசைக்கு சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் போதும். ஒரு விரலால் முடியாத குழந்தை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, இரண்டு கட்டை விரலாலும் விசையைத் தள்ளும். அப்போது குழல் யாரைப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் சிறிய கைத்துப்பாக்கி சேஃப் ஒன்றைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் போடாத சேஃப், திருடன் தூக்கிக்கொண்டு போக வசதியான பெட்டி, அவ்வளவுதான். வாங்கும்போது தரச்சான்றைக் கேட்டு வாங்குங்கள். சாவி உங்களோடு இருக்கட்டும். நம் வீடுகளில் சாவியைக் காமாட்சி விளக்குக்குப் பின்னால் வைப்பது வழக்கம். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கு முதலில் தெரியும்.

எடுக்க நேரமாகும் என்ற பயத்துக்கு வேறு மருந்து இருக்கிறது. படுக்கையறைக்குப் போகும் நடையில் இரும்புக் கேட் போட்டு இரவில் பூட்டுங்கள். முற்றத்தில் அலாரம் பீம் (ஆள் குறுக்கே வந்தால் ஒலிக்கும் கருவி) வையுங்கள். சேஃபைத் திறக்கத் தேவையான நேரத்தை அந்தக் கேட்டும் அலாரமும் வாங்கித் தரும். கேட்டுக்குப் பின்னால் குடும்பத்தை ஓர் அறையில் சேர்த்து போலீசைக் கூப்பிட முடிந்தால், பிஸ்டல் வெளியே வரவே தேவைப்படாமல் போகலாம். துப்பாக்கி இல்லாத காலி சேஃபை வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, சாவி போட்டுத் திறந்து பழகுங்கள். பத்து இரவில் கை தானாகப் போகும்.

குண்டை இறக்கும் வரிசையில்தான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். முதலில் மேகஸினை (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) கழற்ற வேண்டும், பிறகுதான் ஸ்லைடை (பிஸ்டலின் மேல்பக்கம் நகரும் பாகம்) பின்னால் இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், ஸ்லைடு முன்னால் திரும்பும்போது மேகஸினிலிருந்து இன்னொரு தோட்டாவை சேம்பருக்குள், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறைக்குள், தள்ளிவிடும். அதற்குப் பிறகு மேகஸினைக் கழற்றிவிட்டு "காலி" என்று நினைத்தால் ஆபத்து. ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். அதுவரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும், குழல் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும்.

வெளியே கொண்டு போவதென்றால், 84ஆம் பிரிவுப்படி பிஸ்டல் முழுவதும் மறைந்திருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். விசையை முழுவதும் மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரை நல்ல பெல்ட்டில் மாட்டுங்கள். வெறுமனே இடுப்பில் செருகுவது கூடாது. திரும்ப உறையில் போடும்போது அவசரம் வேண்டாம். சட்டை நுனி விசையில் மாட்டி வெடித்த கதைகள் உண்டு. தைப்பூசக் காவடிக்கு வேட்டியில் போகிறீர்கள் என்றால் பிஸ்டல் வீட்டு சேஃபிலேயே இருக்கட்டும். பக்கியில் விட்டுப் போவது இன்னும் மோசம். வண்டியோடு திருட்டுப் போனால், பூட்டி வைக்காததற்கு நீங்களே குற்றவாளி. காணாமல் போனது தெரிந்து 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் சொல்லியாக வேண்டும். கல்யாணத்தில் இரண்டு கிளாஸ் எடுக்கிற நாளிலும் இதே கதைதான்: மது உள்ளே போனால் பிஸ்டலைத் தொடுவதே குற்றம்.

மகன் விஷயம். உங்கள் நேரடி மேற்பார்வையில், பாதுகாப்பான இடத்தில் அவர் அதைக் கையாளலாம். நீங்கள் இல்லாதபோது சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. ஆனால் பலருக்குத் தெரியாத வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ஒரே வீட்டில் வசிப்பவர், அதே துப்பாக்கிக்குக் கூடுதல் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். 21 வயது நிறைந்து, பயிற்சி முடித்து, தகுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். மகன் உங்களோடு குடியிருந்தால் இந்த வழியில் போங்கள்.

சுடும் உரிமையையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும், வேறு வழி இல்லாமலும் இருக்க வேண்டும். சரக்கோடு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால் நீதிமன்றத்தில் நிற்கப்போவது நீங்கள். 2013 காதலர் தினத்தில் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் மூடிய கழிவறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார்; உள்ளே இருந்த அவருடைய காதலி இறந்தார். உள்ளே திருடன் என்று நினைத்ததாகச் சொன்னார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. உள்ளே இருப்பது யார் என்று பார்க்காமல் சுடக்கூடாது. சாட்ஸ்வொர்த்தின் பழைய ஒட்டுவீடுகளில் இன்னொரு கவலையும் உண்டு: தவறிய 9 எம்.எம். தோட்டா கதவையும் ஜன்னலையும் துளைத்து அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் போய்விடும்.

வீட்டில் யாராவது மனமுடைந்து, சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சேஃப் சாவியை மறைத்தால் மட்டும் போதாது. கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற டீலரிடம் சேமிப்பில் வைத்துவிடுங்கள். மனமுடைந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தயங்காதீர்கள்.

தற்காப்பு லைசென்ஸ் 5 ஆண்டுக்குத்தான். முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க மனுப் போட வேண்டும். இந்த விதி செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. லைசென்ஸ் கார்டில் இருக்கும் தேதியைப் பார்த்து, 90 நாளைக் கழித்து, சமையலறையில் தொங்கும் கோயில் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுங்கள். அந்தத் தேதி இந்த வருடக் காலண்டரில் வராவிட்டால், ஒரு சீட்டில் எழுதி, காலண்டரின் பின்பக்கம் பின் குத்தி வையுங்கள்.