தகட்டைத் தடிமனாக்கினால் போதாதா? நீராவி இன்ஜினின் ஸ்டே போல்ட்டுகள்

"நீராவி ரயில் இன்ஜினின் கொதிகலன் கெட்டியான எஃகுத் தகட்டால் ஆனதுதானே? பிறகு எதற்கு உள்ளே நூற்றுக்கணக்கான போல்ட்டுகள்? தகட்டைத் தடிமனாக்கினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா ரயில்வே பணிமனையில் கொதிகலன் வேலை பார்த்தவர். இதே கேள்வியைச் சிறுவயதில் அவரிடம் நானும் கேட்டிருக்கிறேன்.

கொதிகலனின் உருளைப் பகுதிக்கு இந்த போல்ட்டுகள் தேவையில்லை. வட்டத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் தகடு இழுபடுமே தவிர வளையாது. சிக்கல் பின்பகுதியில், நெருப்பு எரியும் பயர்பாக்ஸில் இருக்கிறது. அது ஒரு பெட்டி. அதைச் சுற்றி வெளியே இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே கையகல இடைவெளியில் கொதிக்கும் தண்ணீர். சதுர எண்ணெய் டின்னுக்குள் காற்றை அடைத்தால் பக்கங்கள் புடைத்துக்கொள்ளும் அல்லவா? தட்டைத் தகடு எதுவானாலும் அப்படித்தான்.

நம் நாட்டில் ஓடிய டபிள்யூபி வகை இன்ஜினின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. ஒரு சதுர அடித் தகட்டின் மேல் ஏறத்தாழ 13.7 டன் சுமை என்று கணக்கு வருகிறது. பொதுவான வழக்கப்படி நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக ஸ்டே போல்ட்டுகளை வைத்தால், ஒவ்வொன்றும் ஒன்றரை டன்னைத் தாங்கும். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் அவை ஒன்றோடொன்று கட்டிப்போடுகின்றன.

தகட்டைத் தடிமனாக்கக் கூடாததற்குக் காரணம் வெப்பம். உள்தகடு மெல்லியதாக, சுமார் 10 மில்லிமீட்டர் அளவில் இருந்தால்தான் நெருப்பின் சூடு விரைவாகத் தண்ணீருக்குப் போகும். தடித்தால் நெருப்புப் பக்கம் அளவுக்கு மீறிச் சூடேறி விரிசல் விடும்.

ஸ்டே போல்ட்டுகள் பெரும்பாலும் இழுவிசையால் அறுவதில்லை, வளைந்து வளைந்துதான் முறிகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். நெருப்பு மூட்டியதும் உள்தகடு வெளித்தகட்டைவிட அதிகமாக விரிகிறது. அடியில் இரண்டும் ஒரே வளையத்தில் இணைக்கப்பட்டிருப்பதால் உள்தகடு மேல்நோக்கித்தான் வளர முடியும். மேலே போகப் போக இடப்பெயர்ச்சி கூடுகிறது. அதனால் மேல் வரிசைகளிலும் மூலைகளிலும் இருப்பவை முதலில் உடைகின்றன. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ஒரு வளைவு. கம்பியை முன்னும் பின்னும் மடித்து ஒடிப்பது போன்றதுதான். இதற்காகவே அந்த இடங்களில், வெளிமுனை உருண்டைத் தலையோடு கிண்ணத்துக்குள் அசையக்கூடிய நெகிழ் ஸ்டேக்களைப் போட்டார்கள்.

உடைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? குட்டையான போல்ட்டின் வெளிமுனையிலிருந்து நடுவே ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை போட்டிருப்பார்கள். வழக்கமாக முறிவு வெளித்தகட்டை ஒட்டி வரும். முறிந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீரும் நீராவியும் பீறிடும். துளையின் கீழே காய்ந்த உப்புக்கோடு தெரிந்தாலும் சந்தேகம்தான். இன்னொரு வழி சுத்தியல். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதில்லையா, அதேபோல ஒவ்வொரு போல்ட்டையும் தட்ட வேண்டும். நல்லது கணீரென்று ஒலிக்கும், உடைந்தது பொத்தென்று சத்தமிடும். அப்பா சுவரைத் தட்டிக் காட்டி இந்த வேறுபாட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அமெரிக்க விதி இதில் கண்டிப்பானது. ஒன்றுக்கொன்று 24 அங்குலத்துக்குள் இருக்கும் போல்ட்டுகள் இரண்டு உடைந்திருந்தால் இன்ஜினை ஓட்டக் கூடாது. கொதிகலன் முழுவதிலும் ஐந்து உடைந்தாலும் அப்படியே. துளை அடைபட்டிருந்தால் அந்த போல்ட்டும் உடைந்ததாகவே எண்ணப்படும். எச்சரிக்கும் வாயை அடைத்துவிட்டால் அது உயிருடன் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

பயர்பாக்ஸின் கூரைத் தகடு தனிக்கதை. தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் தகடு பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும். அப்போது ஸ்டே எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இளகிய தகடு அதிலிருந்து கழன்று வந்துவிடும். 1995 ஜூன் 16 அன்று பென்சில்வேனியாவின் கார்ட்னர்ஸ் என்ற இடத்தில் 1278 எண் இன்ஜினுக்கு இதுதான் நேர்ந்தது. இன்ஜினில் இருந்த மூவர் தீக்காயமடைந்தார்கள். ஆனால் கூரைத் தகடு எல்லா ஸ்டேக்களிலிருந்தும் ஒரே நொடியில் பிய்ந்து வரவில்லை, படிப்படியாகத்தான் விட்டுக்கொடுத்தது. கொதிகலன் முழுதாக வெடித்துச் சிதறாததால் அந்த மூவரும் உயிர் பிழைத்தார்கள்.